லைம் நோயும் நம்ம ஊர் உண்ணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உசிலம்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மாட்டையும் நாயையும் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு இப்போது மகனோ மகளோ நியூஜெர்சியிலோ பாஸ்டன் பக்கமோ இருக்கிறார்கள். பிரசவம் பார்க்க, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாத விசாவில் கிளம்பும்போது அங்கிருந்து போனில் ஓர் எச்சரிக்கை வந்துவிடுகிறது: "புல்லுல உட்காராதீங்கப்பா, உண்ணி கடிச்சா லைம் வரும்." உண்ணி என்றதும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அதனால் கேட்கிற கேள்விகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரிந்தது உண்ணியும் அது பரப்பும் விதமும்; யாருக்கு எந்த மாத்திரை எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

லைம் நோய்னா என்ன? எலுமிச்சைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை, லைம் என்பது ஓர் ஊர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. 1970களில் அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை மூட்டுவாதம் என்று டாக்டர்கள் மருந்து கொடுத்தார்கள். பாலி மர்ரே என்கிற தாய் மட்டும் ஒரே வட்டாரத்தில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி வரும் என்று விடாமல் கேட்டு, யார் யாருக்கு என்னென்ன என்று குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு அதிகாரிகளைத் துளைத்தெடுத்தார். அப்புறம்தான் 1975இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டியர் விசாரிக்க வந்தார். 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்கிற விஞ்ஞானி உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் சுருளான ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார், அவர் பெயரையே சேர்த்து பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று வைத்தார்கள். வைரஸ் இல்லை, பாக்டீரியா. அதனால் ஆன்டிபயாடிக் கேட்கும், இதுதான் இதில் நல்ல செய்தி.

அமெரிக்கா முழுக்கவே இருக்கா?

முழுக்க இல்லை. வடகிழக்கில் நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் வரை, அப்புறம் நடுவில் விஸ்கான்சின், மினசோட்டா. இங்கேதான் அதிகம். டெக்சாஸில் மகன் இருக்கிறார் என்றால் கவலை ரொம்பக் குறைவு, கலிஃபோர்னியாவில் கொஞ்சம் உண்டு. அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் என்று சிகிச்சை பெறுவதாக அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன் பக்கமும் இருக்கிறது, அங்கே கடிக்கும் உண்ணி வேறு இனம், கிருமியும் கிட்டத்தட்ட இதன் பங்காளிதான்.

எப்படித்தான் பரவுது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது புரிந்தால் மீதிக் கேள்விகள் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

பரப்புவது கருங்கால் உண்ணி என்கிற ஓர் இனம். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால், அப்போது அதன் உடம்பில் லைம் கிருமி கிடையாது. குஞ்சு தன் வாழ்க்கையின் முதல் ரத்தச் சாப்பாட்டை எலி, பறவை மாதிரி ஏதாவது சின்ன உயிரிடம் சாப்பிடுகிறது. அங்கே வெண்பாத எலி என்று ஒன்று உண்டு, அதன் ரத்தத்தில் கிருமி சாதாரணமாக இருக்கும், எலிக்கு ஒன்றும் ஆகாது. குஞ்சு அந்த எலியைக் கடித்தால் கிருமியை வாங்கிக்கொண்டு கீழே விழுந்துவிடும். தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகி, அடுத்த வருடம் கோடைக்கு முன்னே மறுபடி பசியோடு வரும். இந்த இரண்டாவது சாப்பாட்டுக்கு நீங்கள் கிடைத்தால் கிருமி உங்களுக்கு. மூன்றாவது சாப்பாடு வளர்ந்த உண்ணிக்கு, பெரும்பாலும் மானிடம். அதற்கப்புறம் முட்டை போட்டுச் செத்துப்போகும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு வருட வாழ்க்கையில் மூன்றே மூன்று சாப்பாடு.

மனிதர்களுக்கு அதிகம் தொற்ற வைப்பது அந்த நடுவயது இளம் உண்ணிதான். கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது, மே முதல் ஜூலை வரை அதிகம். நம்ம ஆட்கள் குளிர் முடிந்து போய் இறங்கி, மாலையில் பார்க்கில் வாக்கிங் போகும் அதே மாதங்கள்.

மான் தானே பரப்புதுன்னு சொல்றாங்க?

மான் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போடுகிறது, உண்ணியின் எண்ணிக்கை பெருகுவதற்குக் காரணமாகிறது. ஆனால் உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பது மான் இல்லை, எலி.

மரத்துல இருந்து மேல விழுமா? தாவிக் கடிக்குமா?

உண்ணிக்கு இறக்கையும் கிடையாது, தாவவும் தெரியாது. புல் நுனியிலோ செடி ஓரத்திலோ ஏறி, முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூச்சுக்காற்று, உடல் சூடு எல்லாம் அதற்குத் தெரியும். கால் உரசினால் தொற்றிக்கொண்டு மேலே ஏறும். அதனால்தான் அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம், தொப்புள், காதுக்குப் பின்னால், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள் என்று ஒளிந்த இடங்களில் கிடைக்கிறது. பாதையின் நடுவில் நடங்கள், ஓரத்துப் புதருக்குள் புகாதீர்கள். வேட்டியோ நைட்டியோ கட்டிக்கொண்டு பின்பக்கப் புல்வெளியில் உலாவுகிறவர்கள் அங்கே மட்டும் பேண்டைப் போட்டு, அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் நல்லது. பார்க்க நன்றாக இருக்காது, யார் பார்க்கப்போகிறார்கள்.

கடிச்ச உடனே நோய் வந்துருமா?

வராது. கிருமி உண்ணியின் குடலில் இருக்கிறது. ரத்தம் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து, உங்கள் தோலுக்குள் இறங்கும். அதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். தினமும் குளிக்கும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால், கடித்திருந்தாலும் பெரும்பாலும் அதற்குள் பிடித்துவிடலாம். வெளியே போட்டுப் போன துணியைத் துவைக்கும் முன்னாலேயே டிரையரில் நல்ல சூட்டில் பத்து நிமிடம் போட்டால் அதில் இருக்கும் உண்ணி காய்ந்து செத்துவிடும்.

மண்ணெண்ணெய் ஊத்தினா தானா விழுந்துரும்ல?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, ஊதுபத்தி நெருப்பு, அங்கே போனால் நகப்பூச்சு. எதையும் செய்யாதீர்கள். எரிச்சலில் உண்ணி உள்ளே இருப்பதை உங்கள் உடம்புக்குள்ளேயே கக்கலாம், அது தானாக விழும் வரை காத்திருப்பதும் வீண் தாமதம்.

நுனி கூர்மையான ப்ளக்கரை எடுங்கள், புருவத்துக்கு வைத்திருப்பது போதும். தோலை ஒட்டி, அதன் வாய் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே ஒரே சீராக இழுங்கள். வாய்ப்பகுதி துண்டாகி உள்ளே நின்றுவிட்டால் ஊசி வைத்துக் குடைய வேண்டாம், தோல் தானே அதைத் தள்ளிவிடும், அந்தத் துண்டால் லைம் வராது. இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் எடுத்த உண்ணியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குகிற பழக்கத்தை விடுங்கள். டேப்பில் ஒட்டியோ ஸ்பிரிட்டில் போட்டோ கொல்லலாம். கொல்லும் முன்னே போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், எந்த உண்ணி, எப்போது கடித்தது என்று டாக்டரிடம் காட்டலாம்.

அதிகம் இருக்கும் மாநிலத்தில், கருங்கால் உண்ணிதான், நீண்ட நேரம் ஒட்டியிருந்தது என்றால், எடுத்து 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக்கை ஒரே ஒரு வேளை கொடுப்பது அங்கே வழக்கம். அதை முடிவு செய்வது டாக்டர். பெட்டியில் வைத்து இங்கிருந்து கொண்டுபோன மாத்திரையை நீங்களாக விழுங்க வேண்டாம்.

வட்டமா சிவப்பா வரும்னு படத்துல பார்த்தேன், அது வரலைன்னா பயமில்லையா?

இதில் ரெண்டு சிக்கல். முதலாவது, இலக்குப் பலகை மாதிரி வளையம் வளையமாக இருக்கும் அந்தப் படம் பிரபலம், ஆனால் நிறையப் பேருக்கு வளையமே இல்லாமல் ஒரே சீரான தடிப்பாகத்தான் வருகிறது. மொத்தத்தில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குத்தான் தடிப்பு வரும்.

இரண்டாவது, நம் தோல். பாடப் புத்தகப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பிலும் அது பளிச்சென்ற சிவப்பாகத் தெரியாது, கன்றிப்போன மாதிரி ஊதாவோ, சுற்றிலும் இருப்பதை விடக் கொஞ்சம் கருமையாகவோ இருக்கும், பல சமயம் கவனத்துக்கே வராது. ஆகையால் நிறத்தை நம்பாதீர்கள், வளர்ச்சியைப் பாருங்கள். பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். கடித்த அன்றே வரும் சின்னச் சிவப்பும் அரிப்பும் உண்ணியின் எச்சிலுக்கான எரிச்சல், ஓரிரு நாளில் அடங்கிவிடும். லைம் தடிப்பு கடித்து 3 நாளிலிருந்து 30 நாளுக்குள், சராசரியாக ஒரு வாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் கோட்டைத் தாண்டிப் பெரிதாகும். தொட்டால் சூடாக இருக்கலாம், அரிப்பும் வலியும் பெரும்பாலும் இருக்காது.

கவனிக்காம விட்டா?

முதலில் காய்ச்சல், உடம்பு வலி, அசதி. வாரங்கள் போனால் சிலருக்கு முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், சிலருக்கு இதயத் துடிப்பு தடைப்பட்டு மயக்கம் வரும். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கும், லைம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்தது அதுதான்.

ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுருமா?

முதல் சில வாரங்களில் தெரியாமல் போகலாம். பரிசோதனை தேடுவது கிருமியை இல்லை, நம் உடம்பு அதற்கு எதிராகச் செய்யும் எதிர்ப்பொருளை. அது உருவாக நாளாகும். அதனால் தடிப்பைக் கண்ணால் பார்த்ததுமே அங்கே டாக்டர்கள் ரத்தத்துக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்கிவிடுகிறார்கள். குணமான பின்னும் எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் இருக்கும், அதை வைத்து நோய் இன்னும் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மதுரையை விட்டு எங்கும் போகாதவர், மூட்டுவலிக்கும் அசதிக்கும் இணையத்தைப் பார்த்துவிட்டு லைம் டெஸ்ட் எடுக்கக் கேட்பதையும் பார்க்கிறேன். நோய் இல்லாத ஊரில் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தால் அது பொய்யான பாசிட்டிவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் காசுக்கு வைட்டமின் டி, தைராய்டு பார்த்துக்கொள்ளலாம்.

மருந்து எத்தனை நாள்?

தொடக்க நிலையில் டாக்ஸிசைக்ளின் 10 முதல் 14 நாள், அல்லது அமாக்ஸிசிலின் 14 நாள். கர்ப்பிணிகளுக்கு அமாக்ஸிசிலின். மூட்டு, நரம்பு வரை போயிருந்தால் இன்னும் கூடுதல் நாள், சிலருக்கு ஊசி. பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிறார்கள். ஒரு சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் அசதியும் வலியும் மாதக்கணக்கில் இழுக்கிறது, அது உண்மையான தொந்தரவுதான். ஆனால் அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றுவதால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, தீங்கு வேண்டுமானால் உண்டு.

ஒட்டுவாரொட்டியா? பேரனைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்குங்கள். தொடுவது, முத்தம், இருமல், ஒரே தட்டில் சாப்பிடுவது, தாம்பத்தியம், தாய்ப்பால் எதிலும் பரவாது. கொசு, ஈ, பேன் பரப்புவதாகவும் சான்று இல்லை. கர்ப்பத்தில் தாய்க்கு வந்தால் மட்டும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

எங்க வீட்டு நாய், மாடு எல்லாத்துலயும் உண்ணி இருக்கே, அதுல லைம் வருமா?

நம் மாடுகளில் நிறைந்திருக்கும் உண்ணி வேறு இனம். அதன் வாழ்க்கையே வேறு மாதிரி. குஞ்சாக ஒரு மாட்டில் ஏறினால், வளர்ந்து ரத்தம் குடித்து வயிறு பெருத்து முட்டை போடக் கீழே விழும் வரை அதே மாடுதான் அதற்கு வீடு. எலியிடம் வாங்கி மனிதனிடம் கொடுக்கிற வேலைக்கே அது வராது. நாய் உண்ணி தோலுரிக்கும்போதெல்லாம் இறங்கி ஏறும், ஆனால் அது திரும்பத் திரும்ப நாயைத்தான் தேடும், லைம் கிருமியைச் சுமக்கவும் லாயக்கில்லை. கருங்கால் உண்ணியும் வெண்பாத எலியும் நம் பக்கம் இல்லவே இல்லை. இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும் இருந்து லைம் என்று சில அறிக்கைகள் உண்டு. மதுரை மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர் இதை நினைத்துத் தூக்கம் கெடத் தேவையில்லை.

இதனால் உண்ணியை விட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. நாய்க்கு அது தரும் ரத்தக் காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வடிந்து சாகிற நாய்கள் உண்டு, மாட்டுக்கு உண்ணி பரப்பும் தைலேரியா நோய் வந்தால் பால் வற்றி மாடே போய்விடும். அரிதாக நாய் உண்ணி மனிதர்களுக்கும் ஒருவகைக் காய்ச்சலைத் தரும். மருந்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஆனால் நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனை செத்தே போகலாம்.

அப்ப நம்ம ஊர்ல எதுக்குத்தான் பயப்படணும்?

உண்ணிக்காய்ச்சலுக்கு. டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். லைமைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் ஆதங்கம். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் எல்லாப் பக்கமும் இருக்கிறது, ஐப்பசி மழைக்குப் பிறகு தை, மாசி வரை அதிகம். தாமதமானால் ஆளையே கொல்லும்.

இதைப் பரப்புவது மாட்டில் பார்க்கும் உண்ணி இல்லை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. லைம் உண்ணியின் குஞ்சு கிருமி இல்லாமல் பிறக்கிறது என்று சொன்னேன் அல்லவா, இது நேர்மாறு: தாயிடமிருந்து முட்டை வழியாகவே கிருமியோடு பிறக்கிறது. புதர், வரப்போரம், எலி வளை இருக்கும் தரிசு, வேலி ஓரம் இதன் இடம். ஆடு மேய்ப்பவர்கள், களை எடுப்பவர்கள், மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து பூப்பறிப்பவர்கள், புதர்ப்பக்கம் ஒதுங்குகிறவர்கள், செடிமேல் துணி காயப்போட்டு எடுத்து உடுத்துகிறவர்கள் எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு. புறநகரில் புதிதாகப் போட்ட பிளாட்டில் வீடு கட்டிக் குடிபோனவர்களுக்கும்தான், பக்கத்து மனை புதராகத்தானே கிடக்கிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? டெங்குவா இதுவா?

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுமையான காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. தட்டணுக்கள் இதிலும் குறையும், ஆகவே டெங்கு என்று நினைத்து நாளைக் கடத்துவது சகஜம். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலே இதைச் சந்தேகிக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ, ஆள் பிதற்றினாலோ, கண் மஞ்சளானாலோ நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓர் அடையாளம் உண்டு. கடித்த இடத்தில் வலிக்காத ஒரு சின்னப் புண், நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. எல்லாருக்கும் வராது, வந்தாலும் மறைவிடத்தில் இருக்கும்: அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டம். வெட்கப்பட்டுக்கொண்டு நாம் காட்டமாட்டோம், கூட்டத்தில் டாக்டரும் பார்க்காமல் விடலாம். வீட்டிலேயே பாருங்கள். அம்மாவுக்கு என்றால் மகள் பார்க்கட்டும். இருந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் ஸ்க்ரப் டைபஸுக்கு எலைசா பரிசோதனை பார்க்கலாமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அதுக்கும் மருந்து இருக்கா?

இருக்கிறது, விலையும் குறைவு. அதே டாக்ஸிசைக்ளின், அல்லது அசித்ரோமைசின். சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். லைமுக்குக் கேட்கும் அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது, செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கேட்காது. "நாலு நாளா ஊசி போட்டும் காய்ச்சல் விடலை" என்கிற கதைகளில் சில இதுதான்.

சதுரகிரி, சிறுமலை, அழகர்மலை போறோம், என்ன பண்ணலாம்?

முழுக்கை, முழுக்கால் துணி. டீட் கலந்த கொசு க்ரீமைக் காலிலும் கணுக்காலிலும் தடவுங்கள். புல்லில் வெறும் துண்டை விரித்துப் படுக்காதீர்கள், பாய் வேண்டும். வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறவையுங்கள். அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால் மலைக்குப் போனதைச் சொல்லுங்கள்.

அமெரிக்கா போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தா?

எந்த மாநிலம், எந்த மாதம், புல்வெளி, காடு பக்கம் போனீர்களா என்று இங்குள்ள டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், லைம் இங்கே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. இதன் மறுபக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. தையில் தோட்டத்து வேலையெல்லாம் முடித்துவிட்டு விமானம் ஏறிய அப்பாவுக்கு நியூஜெர்சியில் போய் இறங்கிய பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால், அங்குள்ள டாக்டர் ஸ்க்ரப் டைபஸை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஃப்ளூ, கோவிட் என்று பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வாரத்துக்குள் மதுரையிலிருந்து வந்தவர், அங்கே இந்தக் காய்ச்சல் உண்டு என்று மகன்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி?

நாய்க்கு லைம் தடுப்பூசி அமெரிக்காவில் உண்டு, நம் ஊர் நாய்க்குத் தேவையில்லை. மனிதர்களுக்கு 1998இல் ஒன்று வந்தது, வாங்க ஆளில்லாமல் 2002இல் கம்பெனியே நிறுத்திவிட்டது. வால்நேவா, ஃபைசர் என்கிற இரண்டு மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்கி மனிதர்களிடம் சோதித்திருக்கின்றன. ஸ்க்ரப் டைபஸுக்குத் தடுப்பூசி கிடையாது.